தண்ணீரைத் தங்கமாய்ப் போற்றிய ஊர்: ஜெய்சல்மேரில் நான்கு நாள்



மழையை வைதே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். விடியற்காலையில் வானம் இருண்டு வந்தால், ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் எல்லாருடைய முகமும் சேர்ந்து இருண்டுவிடும். மரம் நனைந்துவிட்டால் பால் சீவ முடியாது. பால் இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. "எதுக்குத்தான் இப்படிக் கொட்டுதோ!" என்று அலுத்துக்கொள்ளாத தாய்மாரே இருந்திருக்க மாட்டார்கள். பட்டணத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. துணி காயவில்லை, சாலையில் வெள்ளம், பிள்ளைகளுக்குச் சளி என்று மழையின்மேல் நமக்கு எப்போதும் ஒரு குறை உண்டு.

அப்படிப்பட்ட நம்மை, மழையை விருந்தாளியைப்போல் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓர் ஊருக்கு இன்று அழைத்துப் போகிறேன். இந்தியாவின் மேற்குக் கோடியில், ராஜஸ்தான் மாநிலத்தில், தார்ப் பாலைவனத்தின் நடுவே நிற்கும் ஜெய்சல்மேர்தான் அந்த ஊர். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. அங்கேயோ சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவில்தான். நமக்கு ஒரு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் மழையைக்கூட ஓர் ஆண்டு முழுவதும் காணாத அந்த மண்ணில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நகரம் செழித்து வாழ்ந்திருக்கிறது. எப்படி? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

அவசரமாகப் போக வேண்டாம்

சுற்றுலாவாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். காலையில் கோட்டை, மதியம் சாப்பாடு, மாலையில் ஒட்டகச் சவாரி, மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். படம் பிடிக்க அது போதும். ஊரைப் புரிந்துகொள்ளப் போதாது. நீங்கள் நான்கு நாள் ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய சிறிய ஊரில் நான்கு நாள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நடக்கலாம், உட்காரலாம், பார்த்ததையே இன்னொரு வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்கலாம். கல்லின் நிறம் காலையில் வெளிர் மஞ்சள், நண்பகலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, பொழுது சாயும்போது தேன். அதனால்தான் இதைத் தங்க நகரம் என்கிறார்கள்.

டில்லி வழியாகப் போகலாம். ஜோத்பூர் வழியாகவும் போகலாம். ஜோத்பூரிலிருந்து இரயிலில் ஐந்தாறு மணி நேரம். பகல் வண்டியில் ஏறி சன்னலோரம் உட்காருங்கள். மரங்கள் செடிகளாகி, செடிகள் முட்புதர்களாகி, கடைசியில் மணலும் கல்லும்தான் மிஞ்சும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டிவிடும். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நல்ல குளிர் இருக்கும். பாலைவனம்தானே என்று கம்பளிச் சட்டை எடுக்காமல் போனவர்கள் நடுங்கிப்போவார்கள்.

முதல் நாள்: குளக்கரை

எல்லாரும் முதலில் கோட்டைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் முதலில் குளத்துக்குப் போங்கள். கோட்டை ஏன் நிலைத்தது என்பதற்கு விடை குளத்தில்தான் இருக்கிறது.

ஊரின் தென்கிழக்கே கட்சீசர் என்ற பெரிய ஏரி. 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி என்ற மன்னர் இதைச் சீர்செய்து பெருக்கியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1960களில் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊருக்கே குடிநீர் தந்தது இதுதான். பெண்கள் தலையில் குடங்களை அடுக்கிக்கொண்டு, கோட்டைக் குன்றிலிருந்து இறங்கி வந்து மொண்டு போனார்கள். கரையைச் சுற்றிலும் கோயில்களும் மண்டபங்களும் படித்துறைகளும் இருக்கின்றன.

ஏரியைவிட எனக்கு வியப்பாக இருந்தது அதன் பின்னாலிருந்த ஏற்பாடு. மழைநீர் வழிந்து வரும் மேட்டு நிலத்தை ஊரார் கோயில் பிராகாரம்போல் சுத்தமாக வைத்திருந்தார்களாம். ஏரி நிரம்பினால் உபரி நீர் வீணாகாது. அடுத்த குளத்துக்கு ஓடும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த குளத்துக்கு. இப்படி ஒன்பது குளங்கள் வரிசையாக இருந்தன என்று, இந்தியாவின் குளங்களைப் பற்றி ஊர் ஊராகச் சென்று எழுதிய அனுபம் மிஸ்ரா என்ற அறிஞர் குறிப்பிடுகிறார். ஏரியும் மதகும் கலிங்குமாக வாழ்ந்த ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அவர்கள் இதைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஏரிக்குப் போகும் வழியில் அழகான வளைவு வாசல் ஒன்று உண்டு. அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். திலோன் என்ற கணிகை தன் சொந்தப் பணத்தில் அதைக் கட்ட விரும்பினாள். அவள் கட்டிய வாசலின் கீழே அரச குடும்பத்தார் தலை குனிந்து போவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அரசர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவள் கட்டி முடித்து, உச்சியில் கண்ணனுக்கு ஒரு சிறு கோயிலையும் வைத்துவிட்டாள். கோயிலை இடிக்க யாருக்குத் துணிவு வரும்? வாசல் நின்றுவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு நிழல் தர ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் இன்றும் அந்தக் கல்லோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

இரண்டாம் நாள்: மக்கள் வாழும் கோட்டை

பட்டி ராஜபுத்திர வம்சத்து ராவல் ஜெய்சல் 1156ஆம் ஆண்டில் இந்தக் கோட்டைக்கு அடிக்கல் இட்டார். அதற்கு முன் அவர்களுடைய தலைநகர் சில மைல் தொலைவிலிருந்த லோதுர்வா. பகைவருக்கு எளிதில் எட்டாத இடம் தேடி, திரிகூடம் என்னும் 250 அடி உயரக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். மதிலைச் சுற்றி 99 கொத்தளங்கள். தூரத்திலிருந்து பார்த்தால், மணலிலிருந்தே முளைத்த ஒரு பெரிய மகுடம்போல் தெரியும்.

மற்றக் கோட்டைகளில் வௌவால்களும் காவற்காரரும்தான் இருப்பார்கள். இங்கே சில ஆயிரம் மக்கள் குடியிருக்கிறார்கள். 'போல்' என்றால் அவர்கள் மொழியில் வாசல். அகாய் போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்களைக் கடந்து ஏறினால், அரண்மனை முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். சந்துகளில் மாடு வழிமறிக்கிறது. வீட்டுச் சுவர்களில் அந்த வீட்டுத் திருமண அழைப்பை, விநாயகர் உருவத்தோடு வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமணக் கோயில்கள் ஏழு ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பெரும்பாலும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. தூண், விதானம், தோரணம் எங்கும் கல்லைச் சந்தனக் கட்டையாக நினைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஞான பண்டார் என்ற பழைய நூல்நிலையத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. நம் நாட்டுக் காற்றில் ஒரு புத்தகம் பத்து ஆண்டில் பூசணம் பூத்துவிடுகிறது. ஈரமில்லாத அந்தக் காற்றோ பல நூற்றாண்டு ஓலைகளைக் காத்துக் கொடுத்திருக்கிறது. வறட்சியிலும் ஒரு நன்மை!

இங்கே என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டைக்குள்ளேயே தங்கினால்தான் பெருமை என்று, மதிலை ஒட்டிய ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தேன். முதல் நாள் முழுவதும் புழுதியில் அலைந்து வந்தவன், நம் வீட்டில் குளிப்பதுபோலவே தாராளமாகக் குளித்தேன். துணிகளையும் துவைத்துப் போட்டேன். மறுநாள் காலை கோட்டையின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தபோது, வறண்ட மஞ்சள் சுவரில் ஓரிடம் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. பச்சையாகச் செடிகூட முளைத்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறதே என்று பக்கத்துத் தேநீர்க் கடைப் பெரியவரிடம் என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் மேலே கைகாட்டிச் சிரித்தார். "மழை இல்லை பேட்டா. நீங்கள் எல்லாரும் குளித்த தண்ணீர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விசாரித்தபோது விவரம் புரிந்தது. இந்தக் குன்று ஒரே பாறை அல்ல. மணற்கல்லுக்கு இடையே களிமண்ணும் மென்மையான கல்லும் அடுக்கடுக்காக உள்ள குன்று. வீடுகளிலும் மதிலிலும் பல இடங்களில் சுண்ணாம்புக் காரையே இல்லை. கல்லோடு கல்லைப் பொருத்திக் கோத்திருக்கிறார்கள். கூரையோ, மரத்தூலங்களின்மேல் பாய் பரப்பி, அதன்மேல் கனமாக மண்ணைப் போட்டு மெழுகியது. வெயிலுக்கு அதைவிடக் குளிர்ச்சியான வீடு கிடையாது. ஆனால் ஈரம் இறங்கினால் மண் கனத்துத் தூலம் முறியும். அடியிலுள்ள களிமண் நெகிழ்ந்து சுவர் நகரும். குடத்தில் சுமந்த காலத்தில் யாரும் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, குளியலறைகள் வந்தன. பழைய சாக்கடைகளால் தாங்க முடியவில்லை. புதிய கழிவுநீர்க் குழாய்கள் போட்ட பிறகும் கசிவு முற்றாக நிற்கவில்லை.

சில கொத்தளங்கள் சரிந்து விழுந்தன. 1996ஆம் ஆண்டிலேயே உலக நினைவுச்சின்ன நிதியம் அபாயத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்து எச்சரித்தது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டு மாதம் பெய்த பெருமழையிலும் மதிலின் ஒரு பகுதி இடிந்தது. முற்றுகைகளைக் கடந்து நிலைத்த கோட்டை, வாளித் தண்ணீருக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிற்கிறது.

அன்று மாலையே அறையைக் காலி செய்துகொண்டு, குன்றுக்குக் கீழே ஊருக்குள் ஒரு விடுதிக்கு மாறிவிட்டேன். அதில் நட்டம் ஒன்றும் இல்லை. மொட்டைமாடியில் நின்றால் விளக்கொளியில் கோட்டை முழுவதும் தெரிந்தது. உள்ளே தங்கியிருந்தபோது அந்தக் காட்சி எனக்குக் கிடைக்கவில்லையே!

மூன்றாம் நாள்: வணிகர் வீதிகள்

கடலே இல்லாத ஊருக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது? ஒட்டகத்தின் முதுகில் வந்தது. சிந்து, ஆப்கானிஸ்தானம் ஆகிய தேசங்களுக்கும் இந்திய நகரங்களுக்கும் இடையே போய்வந்த வணிகக் கூட்டங்களுக்கு இது தங்குமிடம். தண்ணீர் இருந்த இடத்தில் ஒட்டகம் நின்றது. ஒட்டகம் நின்ற இடத்தில் வியாபாரம் நடந்தது.

அந்த வியாபாரிகள் கட்டிய மாளிகைகளை ஹவேலி என்கிறார்கள். பட்டுவோன் ஹவேலி ஒரே வரிசையில் ஐந்து மாளிகைகள். குமான் சந்த் பட்டுவா என்ற வணிகர் தம் ஐந்து மகன்களுக்காக 1805இல் தொடங்கிவைத்தது. பலகணிகளின் கல் வேலைப்பாட்டை நம் பெண்கள் பார்த்தால் கைப்பின்னல் சரிகை என்றுதான் சொல்வார்கள். அந்தத் துளைகள் வெறும் அழகுக்காக அல்ல. வெயிலை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. உள்ளிருக்கும் பெண்கள், வெளியிலிருப்பவர் கண்ணில் படாமல் வீதியைப் பார்க்கவும் முடிந்தது.

நத்மல் ஹவேலி 1885இல் கட்டியது. ஹாத்தி, லாலு என்ற இரண்டு சிற்பி சகோதரர்கள் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்களாம். முதலில் பார்க்கும்போது இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பூவும் சன்னலும் ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், வேறுபாடு கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டக வியாபாரம் தேய்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்துக்குப் போகும் பாதையே மூடிப்போயிற்று. வணிகர்கள் மாளிகைகளைப் பூட்டிக்கொண்டு பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பிறகு இந்த ஊரை மீண்டும் பலருக்கு நினைவூட்டியவர் சத்யஜித் ராய். அவர் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' என்ற வங்காளப் படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பொற்கோட்டையைத் தேடி வரத் தொடங்கினார்கள். இன்றும் கடைப்பலகைகளில் வங்காள எழுத்தைக் காணலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு கேர் சாங்ரி கேளுங்கள். சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய். ஆம், நம் கோயில்களில் தல விருட்சமாக வணங்கும் அதே வன்னிதான். மழையே இல்லாவிட்டாலும் பட்டுப்போகாத அந்த மரத்தின் காயை உலர்த்தி வைத்து, கேர் என்ற முட்செடியின் காயோடு சேர்த்து, எண்ணெயும் மிளகாயும் தயிரும் கூட்டிச் சமைக்கிறார்கள். கம்பு ரொட்டியோடு சாப்பிட்டால் நம் நாக்குக்குச் சரியாகப் பொருந்தும்.

நான்காம் நாள்: வெறிச்சோடிய கிராமமும் மணல்மேடும்

கடைசி நாள் வண்டி பிடித்து மேற்கே போங்கள். சுமார் 18 கிலோமீட்டரில் குல்தாரா என்ற கிராமம். கூரையில்லாத கல்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன, ஆளரவம் இல்லை. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல், 84 கிராமத்தார் ஒரே இரவில் சாபமிட்டுவிட்டு வெளியேறினார்கள் என்பது கதை. கடும் வரியும், கிணறுகள் வற்றியதும் சேர்ந்து அவர்களை மெல்ல மெல்ல விரட்டியிருக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பேய் இருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. நீங்கள் பேயைத் தேட வேண்டாம். அந்த மக்கள் விட்டுப்போன அறிவைத் தேடுங்கள்.

பாலிவால்கள் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தவர்கள்! 'கடீன்' என்பது அவர்களுடைய முறை. கற்பாறை மேட்டிலிருந்து மழைநீர் ஓடிவரும் பள்ளத்தின் குறுக்கே நீளமான மண்கரை எழுப்புவார்கள். மழைக்காலத்தில் பெய்யும் சொற்ப மழை அங்கே தேங்கி நிற்கும். மெல்ல மண்ணுக்குள் இறங்கும். நீர் வடிந்ததும் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அதன்பிறகு ஒரு சொட்டும் பாய்ச்ச வேண்டியதில்லை. இன்றும் அந்தப் பக்கத்தில் கடீன்களில் பயிர் நடக்கிறது. குளிர்காலத்தில் போனால் மணலுக்கு நடுவே பச்சைப் பாயை விரித்ததுபோல் தெரியும்.

மாலையில் சாம் மணல்மேடுகளுக்குப் போகலாம். ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே கூட்டமும் ஒலிபெருக்கியும் அதிகம். அமைதி வேண்டுமானால் தெற்கே உள்ள கூரி கிராமத்து மணலுக்குப் போங்கள். மங்கணியார் பாடுவதை அவசியம் கேட்டு வாருங்கள். இவர்கள் பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடி வாழ்ந்தவர்கள். வில்லால் இசைக்கும் கமாயிச்சா என்ற வாத்தியம் மனிதக் குரலோடு சேர்ந்து அழும். மழை மேகத்தை வரவேற்கும் பாட்டுகள் அவர்களிடம் நிறைய உண்டு. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மேகத்தைப் பார்த்து ஒருவர் இப்படி உருகிப் பாடுவதை நான் அன்றுதான் கேட்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது ஜெய்சல்மேரில் தண்ணீர்ப் பஞ்சம் முன்போல் இல்லை. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாய் 1980களில் அந்த மாவட்டத்தை எட்டியது. கட்சீசர் ஏரிக்கும் அந்த நீர் வருகிறது. மக்களின் கஷ்டம் குறைந்தது நல்லதுதான். குடம் சுமந்த பெண்களிடம் போய், பழைய காலம்தான் அழகு என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் தாராளமாக வந்த அதே காலத்தில்தான் குளங்களைப் பேணும் பழக்கம் தளர்ந்தது; கோட்டையும் கசியத் தொடங்கியது.

ஆகவே, நீங்கள் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். கோட்டைக்குள் நாள் முழுவதும் சுற்றுங்கள், அங்குள்ள கடைகளில் வாங்குங்கள், சாப்பிடுங்கள். இரவு தங்குவதை மட்டும் கீழே ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தங்கினாலும் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துப் பழகுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால், கோட்டையைக் காட்டுவதற்கு முன் குளத்தைக் காட்டுங்கள்.

நான் வீடு திரும்பிய மறுநாள் நல்ல மழை. தகரக் கூரையில் சடசடவென்று இறங்கியது. கொடியில் துணி நனைகிறது என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். வழக்கமாக நானும் சேர்ந்து முணுமுணுத்திருப்பேன். அன்று துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு தொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

போய் வாருங்கள், வாசகர்களே. நிதானமாகப் பார்த்து வாருங்கள்.